அக்கா பிள்ளைகளை என்னிடம் ஒப்படைப்பார்களா?

கேள்வி: அக்கா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் கணவர் குடித்துவிட்டுப் பிள்ளைகளை அடிக்கிறார் என்று யாரோ 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டார்கள். 11 வயது மகளும் 6 வயது மகனும் இப்போது குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறார்கள். நான் வளர்க்கத் தயார். அக்கா கணவரின் அம்மாவும் கேட்கிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சித்தி என்ற முறையில் எனக்கு உரிமை உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சித்தி என்பதற்காக மட்டும் பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இல்லை. பாட்டிக்கும் இல்லை. ஆனால், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளைகளைக் குடும்பத்திடமே திருப்பித் தரவோ, தகுதியான நபர் ஒருவரிடம் ஒப்படைக்கவோ பிரிவு 37-இன்படி, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உத்தரவிடலாம். நீங்கள் மனுப் போட வேண்டியது இதன் கீழ்தான்.

மனு கொடுத்தால் சமூக விசாரணைக்கு உங்கள் வீட்டுக்கு வருவார்கள். பீரோவையும் டிவியையும் பார்க்க அல்ல. பையன் எங்கே படுப்பான், நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறப்பது யார், அப்பா குடித்துவிட்டு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். "பாசமாகப் பார்த்துக்கொள்வேன்" என்பது இதற்கெல்லாம் பதில் ஆகாது.

அதனால்தான் சொல்கிறேன், பாட்டியை எதிர்த்தரப்பாக நினைக்காதீர்கள். நியூசிலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குடும்பக் கூட்டம் என்ற ஏற்பாடு உண்டு. அதிகாரிகள் விவரத்தைச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். உறவினர்கள் தனியாக உட்கார்ந்து பேசி, குழந்தைக்கு ஒரு திட்டம் போடுவார்கள். நம் சட்டத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை, தடையும் இல்லை. நேரில் கூப்பிட முடியாத அளவுக்கு மனத்தாங்கல் என்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பவர்களை நடுவில் வைத்துப் பேச முடியுமா என்று கேளுங்கள். அக்காவின் நகை, வீட்டுப் பங்கு இதையெல்லாம் அன்று எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தப் பேச்சு வந்தால் கூட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள், பாட்டி எந்த நாட்களில் வந்து பார்ப்பார், படிப்புச் செலவு யாருடையது, உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆள் பெயரோடு இருக்கட்டும். இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட தாளைக் குழு சுலபத்தில் ஒதுக்கிவிடாது. ஆளுக்கொரு பிள்ளை என்று மட்டும் பிரிக்காதீர்கள். வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்துக் கொடுக்காமல் வேறொரு குடும்பத்தில் வளர வைக்கும்போது, கூடப்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்க முயல வேண்டும் என்று பிரிவு 44 சொல்கிறது.

அக்கா கணவர் அந்தக் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்றில்லை. அவர் தரப்பைக் குழு தனியாகக் கேட்டுக்கொள்ளும். ஆனால் மகளிடம் கேட்டே ஆக வேண்டும். பெரியவர்கள் சூழ்ந்து உட்கார்ந்திருக்க, "நீ யாரிடம் இருக்கிறாய்?" என்று நடுக்கூடத்தில் கேட்பது கேட்பதாகாது. அவளுக்கு நம்பிக்கையான ஒருவர் தனியாகப் பேசட்டும்.

அப்புறம் ஒன்று. குழுவின் உத்தரவு பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதைத்தான் தீர்மானிக்கும். சட்டப்படி பாதுகாவலர் ஆக வேண்டுமென்றால், 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர்கள் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் தனியாக மனுச் செய்ய வேண்டும். அதற்கு இப்போது அவசரம் இல்லை. வருமானம் போதாது என்று தயங்கினால், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அதையும் குழுவிடமே கேட்கலாம். உத்தரவு உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம்.

அடுத்த விசாரணைத் தேதி என்றைக்கு என்று முதலில் விசாரியுங்கள். அதற்கு முன்பே மனுவையும் திட்டத்தையும் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.