செக்‌ஷனா, ஸ்குவாடா? – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

1962 லடாக் போரை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் ஒரு மலைமுகட்டில் காவல் நிற்கும் பத்துப் பேரில் ஒருவன். அந்தப் பத்துப் பேரை முதல் அத்தியாயத்தில் 'ஸ்குவாட்' என்றும் அடுத்ததில் 'பிளாட்டூன்' என்றும் எழுதியிருந்தேன். அவர்களின் தலைவன் 'சார்ஜென்ட்'. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "இது எந்த நாட்டுப் படை?" என்று கேட்டார். இணையத்தில் தேடினால் பக்கத்துக்கு ஒரு எண்ணிக்கை வருகிறது. சரியான சொற்கள் எவை? கதை படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு முக்கியமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். காலாட்படையின் சிறு பிரிவுகளுக்கு உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் பெயர்ப் பட்டியல் கிடையாது. எந்த நாட்டுப் படை, எந்த வருடம் என்று முடிவு செய்த பிறகுதான் சொல்லையே தேட முடியும். எண்ணிக்கைகள் முரண்படுவதும் அதனால்தான். அமெரிக்கத் தரைப்படையின் ஸ்குவாடில் இரண்டாம் உலகப் போரின்போது 12 பேர், இப்போது 9 பேர். அவர்களுடைய மரைன் படை 1944-இல் 13 பேர் என்று வைத்தது. எல்லாம் சரியான எண்கள்தான், வேறு வேறு படைகள், வேறு வேறு காலங்கள்.

உங்கள் கதை இந்தியப் படையில் நடக்கிறது. அந்தப் படையின் அமைப்பு பிரிட்டிஷ் வழி. எனவே அந்தப் பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன்களும் ஒரு சிறிய தலைமைக் குழுவும் சேர்ந்து பிளாட்டூன், ஏறக்குறைய 35 பேர். மூன்று பிளாட்டூன்களும் ஒரு தலைமைக் குழுவும் சேர்ந்தால் கம்பெனி, சுமார் 120 பேர். நான்கு ரைஃபிள் கம்பெனிகளும் மற்ற துணைப் பிரிவுகளும் சேர்ந்தது பட்டாலியன்.

எண்களை இதோடு விட்டுவிடலாம். கதைக்கு வேண்டியது அந்தப் பத்துப் பேருக்குள் யார் என்ன செய்கிறார் என்பது. அன்றைய செக்‌ஷனின் உயிர் அதன் ஒரே லைட் மெஷின் கன், அதாவது பிரென். செக்‌ஷன் இரண்டாகப் பிரியும்: ஏழு பேர் ரைஃபிள் குரூப், மூன்று பேர் பிரென் குரூப். துப்பாக்கியைச் சுடுபவர் நம்பர் 1. பக்கத்தில் படுத்து மேகசின் மாற்றுபவர் நம்பர் 2, சூடேறிய குழலைக் கழற்றி மாற்றுக்குழலைப் பொருத்துவதும் அவர் வேலை. மூன்றாமவர் லான்ஸ் நாயக், அந்தக் குரூப்புக்குப் பொறுப்பாளர். செக்‌ஷன் முழுவதையும் நடத்துபவர் நாயக், அவர் ரைஃபிள் குரூப்போடு இருப்பார். பிரென் சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கும்போது மற்றவர்கள் நகர்வார்கள், அவர்கள் போய்ச் சேர்ந்ததும் பிரென் நகரும். பிரிட்டிஷ் 1937 மாதிரி உடுப்பில் மார்புக்குக் கீழே இரண்டு பெரிய பைகள் தொங்குமே, அவை பிரென் மேகசின் நுழையும் அளவுக்கே தைக்கப்பட்டவை. வெறும் ரைஃபிள்காரனும் அந்த ஒரு துப்பாக்கிக்காகத் தோட்டா சுமந்தான். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் எல்லோரும் தனித்தனியாக, அவரவர் இஷ்டத்துக்குச் சுடுகிறார்கள். எனக்கு சார்ஜென்டைவிட அதுதான் உறுத்துகிறது.

சார்ஜென்டுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் படையின் கார்ப்பரலுக்கு இணை நம் நாயக், சார்ஜென்டுக்கு இணை ஹவில்தார். இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. நாயக் என்பது பதவி, செக்‌ஷன் கமாண்டர் என்பது பொறுப்பு. நாயக் விழுந்துவிட்டால் லான்ஸ் நாயக் அந்த நொடியே செக்‌ஷன் கமாண்டர் ஆகிறார், தோளில் பட்டை மாறாமலே. அவரும் விழுந்தால் மூத்த சிப்பாய். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. போர்க்கதை எழுதுகிறவருக்கு இதைவிட வலுவான தருணம் எங்கே கிடைக்கும்? 'தலைவன்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் அந்தத் தருணம் கையைவிட்டுப் போய்விடும்.

ஆண்டும் சொல்லை மாற்றும். உங்கள் கதையில் பிளாட்டூனை நடத்துபவரை 'நாயப் சுபேதார்' என்று எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். அந்தப் பெயர் 1965-இல் வந்தது, அதுவரை ஜமேதார். கம்பெனிக்கு மேஜர். (அமெரிக்கப் படங்களில் கம்பெனியைக் கேப்டன் நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அது அவர்கள் வழக்கம்.) கம்பெனியை நடத்துபவர் ஓ.சி. (ஆபீசர் கமாண்டிங்), பட்டாலியனை நடத்துபவர் சி.ஓ. (கமாண்டிங் ஆபீசர்). இரண்டு எழுத்து இடம் மாறினால் உங்கள் 1962 மேஜர், பட்டாலியனை நடத்தும் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிடுவார். இன்னொன்று: 'யூனிட்' என்று ஒரு சிப்பாய் சொன்னால் அவர் மனதில் இருப்பது பட்டாலியன், பத்துப் பேர் அல்ல.

லடாக்கில் உள்ள ரெசாங் லா கணவாயில் நடந்த சண்டையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1962 நவம்பர் 18 அன்று அங்கே நின்றது 13 குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில். அதன் பிளாட்டூன்களின் எண்கள் 7, 8, 9. ஏன் 1, 2, 3 இல்லை? பிளாட்டூன்களுக்குப் பட்டாலியன் முழுவதும் தொடர் எண் போடுவார்கள். ஆல்ஃபாவுக்கு 1 முதல் 3, பிராவோவுக்கு 4 முதல் 6, சார்லிக்கு 7 முதல் 9. ஆக '8 பிளாட்டூன்' என்று ஒரு வரி எழுதினாலே விஷயம் தெரிந்தவருக்கு கம்பெனி எதுவென்று புரிந்துவிடும். அந்த மூன்று பிளாட்டூன்களும் தள்ளித் தள்ளி இருந்தன. பின்னாலிருந்த நம் பீரங்கிகளின் குண்டு அங்கே விழ முடியாதபடி ஒரு மலைமுகடு மறைத்தது. மேஜர் ஒரு பிளாட்டூனிலிருந்து இன்னொன்றுக்கு நேரில் போய்க்கொண்டே இருந்தார் என்று அவருடைய பரம்வீர் சக்கர விருதுக் குறிப்பு சொல்கிறது. பிளாட்டூன், கம்பெனி இரண்டும் வெறும் 'படைப்பிரிவு' ஆகிவிட்டால், அவர் எதற்காக அந்தத் திறந்த வெளியைக் கடந்தார் என்பதே வாசகனுக்கு விளங்காது. வித்தியாசம் முக்கியமா என்று கேட்டீர்களே, இந்த மனிதர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது என்று நினைக்கிறேன்.

ஸ்குவாட் என்ற சொல்லை அமெரிக்கக் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய இன்றைய ஒன்பது பேர் ஸ்குவாடில் ஒரு ஸ்குவாட் லீடர், அவருக்குக் கீழே நான்கு நான்கு பேராக இரண்டு ஃபயர் டீம். நம் 1962 கதைக்குள் ஃபயர் டீம் நுழையக் கூடாது. அப்புறம், டாங்கிப் படையைப் பற்றி எழுதும் எண்ணம் இருந்தால் கவனம்: நம் வழக்கத்தில் ட்ரூப் என்பது பிளாட்டூனுக்குச் சமம், ஸ்குவாட்ரன் கம்பெனிக்குச் சமம். அமெரிக்கக் குதிரைப்படை மரபில் ட்ரூப் கம்பெனிக்கும் ஸ்குவாட்ரன் பட்டாலியனுக்கும் சமம்.

செக்‌ஷன், பிளாட்டூன் ஆகியவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். விடுப்பில் வரும் ஜவான் வீட்டில் பேசும் சொற்கள் அவை. ராணுவத்தினர் நிறைந்த, வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

திருத்திய அத்தியாயத்தை முதலில் அந்த நண்பரிடமே கொடுங்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மேஜர் ஜமேதாரைப் பெயர் சொல்லி அதட்டுகிறார். நம் படையில் அந்த மேஜரும் அவரை 'சாகிப்' என்றுதான் அழைப்பார்.