புற்றுநோய் ஸ்டெம் செல்: கேள்வி பதில்

நித்யா: கட்டியில் இருக்கும் எல்லா செல்லும்தானே பெருகுகிறது? ஸ்டெம் செல் எங்கே வந்தது?

பெருகுவது வேறு, புதிதாக ஒரு கட்டியையே தொடங்குவது வேறு. அப்படித் தொடங்கக்கூடிய செல்லைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறோம். டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர் 1994-இல் ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய் செல்களைப் பிரித்து, எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார்கள். அரிதான ஒரு வகை செல்தான் எலியில் நோயை உண்டாக்கியது. 2003-இல் மிச்சிகனில் மைக்கேல் கிளார்க் குழு மார்பகப் புற்றிலும் இதைக் கண்டது. குறிப்பிட்ட வகையில் 100 செல்லே கட்டியாக வளர்ந்தது. மற்ற வகையில் பல்லாயிரம் செலுத்தியும் வளரவில்லை.

பாலாஜி: இவ்வளவு தெளிவாக இருந்தால் இதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டை எதற்கு சார்?

எலியால் வந்த சண்டை அது. மனித செல்லை அந்நிய உடலில் வைக்கிறோம். அங்கே அது வளராவிட்டால் குறை செல்லிடமா, எலியிடமா? 2008-இல் ஷான் மாரிசன் குழு, எதிர்ப்பு சக்தியை இன்னும் குறைத்த எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றின் செல்களை ஒவ்வொன்றாக வைத்தது. ஏறக்குறைய நான்கில் ஒன்று கட்டியானது! அதுவரை பத்து லட்சத்தில் ஒன்று என்றுதான் கணக்கு. இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரை படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். அதற்காக ஏ.எம்.எல். முடிவு பொய்யாகிவிடாது; ஒவ்வொரு புற்றுக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ரஹீம்: செல்லை இடம் மாற்றாமல் பார்க்க முடியாதா?

முடியும். 2012-இல் மூன்று குழுக்கள் எலியின் மூளை, தோல், குடல் கட்டிகளில் அங்கேயே செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தன. மூளைக் கட்டியில் கீமோவுக்குத் தப்பிய, மெதுவாகப் பிரியும் செல்களிலிருந்தே கட்டி திரும்ப வளர்ந்தது.

கலா: அம்மாவுக்குப் பெருங்குடல் புற்று. ஸ்டெம் செல்லை மட்டும் அழித்தால் போதும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன் அண்ணா. நம்பலாமா?

நம்பாதீர்கள் அம்மா. 2017-இல் ஜெனென்டெக் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எலியின் குடல் கட்டியில் எல்.ஜி.ஆர்.5 என்ற புரதத்தை அடையாளமாகக் கொண்ட ஸ்டெம் செல்களை மட்டும் அழித்தார்கள். கட்டி வளர்வது நின்றது, ஆனால் சுருங்கவில்லை. அழிப்பதை நிறுத்தியதும் மிச்சமிருந்த சாதாரணப் புற்று செல்களே அந்த வகையாக மாறின, கட்டி மறுபடி வளர்ந்தது. கல்லீரலுக்குப் பரவுவதற்கு மட்டும் அந்த ஸ்டெம் செல்கள் கட்டாயம் தேவைப்பட்டன. மருந்து தேடுபவர்களுக்கு அங்கேதான் நம்பிக்கை. சரி, அம்மாவுக்கு இப்போது நடக்கும் சிகிச்சையை எந்த விளம்பரத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். அந்த விளம்பரத்தை அவருடைய டாக்டரிடமே காட்டிக் கேளுங்கள்.