எதிர்த்தரப்பு இல்லாத வழக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவில் சட்டம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. இங்கேயே பிறந்தவள். படிப்பு முடிந்ததும் சிஐஏ, என்எஸ்ஏ போன்ற ஓர் உளவு அமைப்பின் சட்டப் பிரிவில் சேரலாமா என்று யோசிக்கிறேன். "இவ்வளவு கல்விக்கடனை வைத்துக்கொண்டு அரசாங்கச் சம்பளமா?" என்கிறார் அப்பா. "மனசாட்சியை அடகு வைக்கப் போகிறாயா?" என்கிறார்கள் தோழிகள். நான் கதைகளும் எழுதுகிறேன். அதை விட வேண்டியிருக்குமோ என்ற பயம் வேறு. முதல் வேலையாகவே அங்கே போவது சரிதானா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பெயரை மறைக்கச் சொன்னது நல்லது. அங்கே விண்ணப்பிப்பவர்களுக்கு முதலில் சொல்லப்படுவதே அதுதான், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே என்று. நான் அந்தத் துறையில் இருந்தவன் அல்ல. வெளிவந்த தீர்ப்புகளையும் விசாரணை அறிக்கைகளையும் விடாமல் படிக்கிறவன், அவ்வளவுதான்.

அப்பாவுக்கான பதில் சுருக்கமானது. பெரிய சட்ட நிறுவனங்கள் தரும் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட அரசாங்கம் வராது. ஆனால் 2007-இல் வந்த சட்டப்படி, பொதுப்பணியில் இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளை ஒழுங்காகக் கட்டினால் மத்திய அரசின் கல்விக்கடனில் மிச்சம் தள்ளுபடி. தனியார் வங்கிக் கடனுக்கு இது பொருந்தாது. உங்கள் கடன் எந்த வகை என்று பார்த்துவிட்டு அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

கதை விஷயம் கொஞ்சம் சிக்கல். சேரும்போது கையெழுத்திடும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் ஆயுள் முழுக்கத் தொடரும். ஃபிராங்க் ஸ்னெப் என்ற முன்னாள் சிஐஏ அதிகாரி, வியட்நாம் போரின் முடிவில் நடந்த சைகோன் வீழ்ச்சியைப் பற்றிய தன் புத்தகத்தை முன்அனுமதி வாங்காமல் வெளியிட்டார். அதில் ரகசியம் எதுவும் வெளியானதாக அரசு அந்த வழக்கில் வாதிடவே இல்லை. இருந்தும் 1980-இல் உச்ச நீதிமன்றம் புத்தக வருமானத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொன்னது. நீங்கள் எழுதலாம். ஆனால் உளவுத்துறையைத் தொடும் கதை என்றால் பதிப்பாளருக்கு முன்னால் அவர்கள்தான் படிப்பார்கள்.

தோழிகள் கேட்டது நியாயமான கேள்வி. 2002-இல் கைதிகளை வதைக்கும் விசாரணை முறைகளுக்குச் சட்ட ஒப்புதல் எழுதிக் கொடுத்தவர்கள் அமெரிக்க அரசின் நீதித்துறையில் உள்ள சட்ட ஆலோசனை அலுவலகத்தின் வக்கீல்கள். அதில் முக்கியமான குறிப்பை 2004-இல் திரும்பப் பெற்றவர் ஜாக் கோல்ட்ஸ்மித், அதே அலுவலகத்துக்குப் பின்னால் தலைமையேற்ற வக்கீல். ஆக, நல்லவர்கள் போகக்கூடாத இடம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அன்றாட வேலையும் சினிமாவில் வருவதுபோல இல்லை. ஒப்பந்தங்கள், ஊழியர் வழக்குகள், தகவல் கேட்டு வரும் மனுக்கள் எல்லாம் உண்டு. "இருப்பதாகவும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது" என்ற புகழ்பெற்ற பதில் அப்படி ஒரு மனுவில் பிறந்ததுதான். சோவியத் நீர்மூழ்கிக் கப்பலைக் கடலடியிலிருந்து தூக்க சிஐஏ அனுப்பிய குளோமார் கப்பலைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் கேட்டிருந்தார். 2014-இல் சிஐஏ தன் முதல் ட்வீட்டிலேயே அந்த வரியை வைத்து விளையாடியது. நகைச்சுவை உணர்வுள்ள யாரோ உள்ளே இருக்கிறார்கள்.

என் தயக்கம் வேறு. இளம் வக்கீலைச் செதுக்குவது எதிர்த்தரப்பு வக்கீல். நீங்கள் எழுதிய மனுவை அவர் வரி வரியாகக் கிழிப்பார். விட்டுப்போன ஆவணத்தை நீதிபதி முன்னால் எடுத்துக் காட்டுவார். இரண்டு முறை அப்படி அவமானப்பட்டவர் மூன்றாவது முறை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் தேடுவார். உளவு அமைப்பின் வேலையில் பெரும்பகுதிக்கு அந்த ஆள் கிடையாது. 1978-இல் உருவான வெளிநாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றத்தில் இன்று 11 நீதிபதிகள் இருக்கிறார்கள். அரசு வந்து அனுமதி கேட்கும். யாரைக் கண்காணிக்கப் போகிறார்களோ அவருக்கு வழக்கு நடப்பதே தெரியாது. புதிய சட்டச் சிக்கல் எழுந்தால் வெளியிலிருந்து ஒரு வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்க 2015-இல் வழி செய்தார்கள். வழக்கமான மனுக்களுக்கு அதுவும் இல்லை.

கெவின் கிளைன்ஸ்மித் கதையைப் படியுங்கள். எஃப்பிஐயின் சட்டப் பிரிவில் இருந்த இளம் வக்கீல். 2017-இல், டிரம்பின் 2016 தேர்தல் பிரசாரத்தில் ஆலோசகராக இருந்த கார்ட்டர் பேஜ் என்பவர் மீதான கண்காணிப்பை மறுபடி நீட்டிக்க மனு தயாராகிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் வேறொரு அரசு அமைப்புக்குத் தகவல் தந்தவரா என்று எஃப்பிஐ அதிகாரி ஒருவர் கேட்டார். அந்த அமைப்பிலிருந்து வந்திருந்த மின்னஞ்சலை அனுப்பிவைக்கும்போது, அதில் இல்லாத சில சொற்களை, அவர் தகவலாளி அல்ல என்று பொருள்படும்படி, கிளைன்ஸ்மித் சேர்த்துவிட்டார். அது உண்மை என்றுதான் நம்பினேன் என்று பிறகு சொன்னார். நம்பியிருக்கலாம். வேலைப் பளு, அவசரம், யாரும் மூல மின்னஞ்சலைக் கேட்கப் போவதில்லை என்ற பழக்கம். எதிரே ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். இங்கே நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் நடத்திய விசாரணைதான் அதைக் கண்டுபிடித்தது. 2019 டிசம்பரில் வந்த அந்த அறிக்கை, பேஜ் மீதான மனுக்களில் மட்டும் 17 பெரிய பிழைகளையும் விடுபடல்களையும் பட்டியலிட்டது. அத்தனையையும் ஒரே ஆள் செய்யவில்லை. பலர் கைகளைத் தாண்டிப் போன காகிதங்கள் அவை. கிளைன்ஸ்மித் 2020-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதனால் என் யோசனை: போங்கள், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். இரண்டு மூன்று வருடம் ஒரு நீதிபதிக்குத் தீர்ப்பு எழுத உதவும் சட்ட உதவியாளராகவோ (கிளார்க்), குற்ற வழக்குகள் நடத்தும் ஓர் அலுவலகத்திலோ இருந்து அடிபட்டுவிட்டு வாருங்கள். நீதித்துறையின் ஹானர்ஸ் புரோகிராம் 1953 முதல் புது வக்கீல்களை எடுத்துவருகிறது, அதையும் பாருங்கள். இல்லை, கிடைத்த இடத்தை விட மனம் வரவில்லை என்றால், வழக்காடும் பிரிவில் இடம் கேளுங்கள். தகவல் மனு வழக்குகளிலாவது எதிரே ஒருவர் நிற்பார்.

எப்போது போனாலும் எஸ்எஃப்-86 என்ற பாதுகாப்பு அனுமதிப் படிவம் காத்திருக்கிறது. அனுமதி கிடைக்கவே பல மாதங்கள் ஆகும். பத்து வருட முகவரிகள், ஏழு வருட வெளிநாட்டுப் பயணங்கள், நெருங்கிய தொடர்பில் இருக்கும் வெளிநாட்டவர்கள் எல்லாம் கேட்பார்கள். இந்தியாவில் சித்தப்பாவும் அத்தையும் இருப்பதாலேயே யாரையும் தள்ளிவிடுவதில்லை. மறைத்தால் தள்ளுவார்கள். அதில் தெரிந்தே பொய் எழுதினால் பாயும் மத்திய குற்றவியல் சட்டத்தின் 1001-ஆம் பிரிவுதான் கிளைன்ஸ்மித் மீதும் பாய்ந்தது. கஞ்சா பற்றியும் கேள்வி உண்டு. உங்கள் மாநிலத்தில் அதற்குத் தடை இல்லை என்பது மத்திய அரசின் படிவத்தில் எடுபடாது. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.