வருமானம் குறைந்தவர்கள் ஏன் லாட்டரி வாங்குகிறார்கள்? கேள்வி பதில்

கேள்வி: கணக்குத் தெரியாததால்தானே ஏழைகள் லாட்டரி வாங்குகிறார்கள்?

பதில்: இல்லை. தினக்கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்குக் காசுக்குக் காசு கணக்குத் தெரியும். 49 எண்களில் 6 எண்களைச் சரியாகச் சொல்ல வேண்டிய லாட்டரியில் முதல் பரிசு வாய்ப்பு சுமார் 1 கோடியே 40 லட்சத்தில் ஒன்று. இவ்வளவு சிறிய வாய்ப்பை யார் மனதும் ஒழுங்காக எடைபோடாது, படித்தவர் மனது உட்பட. மிகச் சிறிய வாய்ப்பை மனம் பெரிதாக்கிக்கொள்கிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் ஏழைகளை மட்டும் ஏன் அது இவ்வளவு இழுக்கிறது?

பதில்: முக்கியமான கேள்வி. வசதியானவருக்குப் பெரிய தொகை கைக்கு வரப் பல வழிகள் உண்டு: வங்கிக் கடன், பரம்பரைச் சொத்து, பதவி உயர்வு. மற்றவருக்குக் கடனை ஒரேயடியாக அடைக்கவோ சொந்தமாக ஒரு வீடு வாங்கவோ கண்ணுக்குத் தெரிகிற வழி அந்தச் சீட்டு ஒன்றுதான். 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வருமானத்தைக் கேட்கும் விதத்தை மட்டும் மாற்றி, சிலரைத் தாங்கள் ஏழைகள் என்று உணர வைத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். இரு தரப்பும் ஒரே மாதிரி ஆட்கள்தான், உணர்வுதான் வேறு. இதற்குப் பிறகும் "பேராசை" என்று பேசுவது அநியாயம்.

கேள்வி: அந்தக் காசைச் சேமிக்கலாமே?

பதில்: சேமிக்கலாம், ஆனால் அது கையில் தங்க வேண்டுமே! ஒரு காய்ச்சல் வந்தால் போதும், கரைந்துவிடும். பிரிட்டனில் 1956 முதல் பிரீமியம் பாண்ட் என்ற சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. வட்டிக்குப் பதிலாகக் குலுக்கலில் பரிசு, போட்ட முதல் பத்திரமாக இருக்கும். இப்படி ஒன்று எல்லா நாட்டிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: லாட்டரிப் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போனால் நல்லதுதானே?

பதில்: சீட்டின் விலை எல்லோருக்கும் ஒன்று. அதனால் சம்பளத்தில் பெரிய பங்கை இழப்பவர் ஏழைதான். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதை வசதியுள்ளவரிடம் வரியாகவே வாங்கலாம்.

கேள்வி: அப்பா கடன் வாங்கிச் சீட்டு வாங்குகிறார். "ஒரே நம்பரில் போச்சு, அடுத்த தடவை விழும்" என்கிறார். எப்படிப் பேசுவது?

பதில்: ஒவ்வொரு குலுக்கலும் புதிது, போன தடவை நெருங்கி வந்தது இந்தத் தடவைக்கு உதவாது. ஆனால் இதிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். எந்தச் செலவுக்காகப் பரிசை எதிர்பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கடன் இருக்கும். அதை அடைக்க உட்கார்ந்து சேர்ந்து வழி பாருங்கள். அப்புறமும் நிறுத்த முடியவில்லை என்றால் அது சூதாட்ட அடிமைத்தனமாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.