முகத்திலேயே நுரை எழுப்பச் சிறிய சேவிங் பிரஷ் போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?

போதும். கிண்ணத்தை விட்டுவிட்டு முகத்திலேயே நுரை எழுப்புவதென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் சிறியதுதான் வசதி. அதிலும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பிரஷைத் திட்டுகிறவர்களில் பலர் திட்ட வேண்டியது தண்ணீரைத்தான். குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. சவர்க்காரம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்தால் நுரைக்காது. கரையாத வெள்ளைப் பிசுக்காகிவிடும். குளிக்கும் வாளியின் விளிம்பில் படிந்திருக்குமே, அதுதான். ஆக, நீங்கள் தேய்க்கும் சவர்க்காரத்தில் ஒரு பங்கைத் தண்ணீரே தின்றுவிடுகிறது, மிச்சம்தான் நுரைக்கு. இந்த நிலையில் பெரிய பிரஷ் ஒன்றைத் தோய்த்து எடுத்தால், அது வயிறு முட்டக் குடித்துவிட்டு வரும். முகத்தில் வைத்ததும் கழுத்து, பெனியன் எல்லாம் நனையும். நுரை மட்டும் வராது. சிறியது பிடிக்கும் தண்ணீர் குறைவு. போதாவிட்டால் துளி துளியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் கொதித்தாறிய நீரை இதற்குப் பயன்படுத்துங்கள். சுண்ணாம்பு நிலத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கல்சியத்தில் ஒரு பகுதி வெண்படிவாகக் கேத்திலின் அடியிலேயே தங்கிவிடுகிறது. சிறிய பிரஷுக்கு அரைக் கோப்பை போதும். மாரியில் கூரைப் பீலியில் பிடித்த மழைநீர் என்றால் இன்னும் விசேஷம். அதே சவர்க்காரம், அதே பிரஷ், நுரை மட்டும் வேறு சாதி. தீவுப்பகுதியில் உவர்க் கிணறு வைத்திருப்பவர்களுக்குக் கொதிக்க வைத்தும் பெரிய பயன் இல்லை, உப்பு அப்படியே இருக்கும்.

இனி அளவு. பிரஷின் மயிர்க்கட்டு கைப்பிடிக்குள் இறங்கும் இடத்தில் அதன் விட்டத்தைப் பாருங்கள். 24 முதல் 26 மில்லிமீற்றர் வரை சாதாரண அளவு. 28, 30 எல்லாம் கிண்ணக்காரர்களுக்கு. முகத்துக்கு 20 முதல் 22 வரை சரி. சிம்ப்சன் என்ற நிறுவனம் செய்யும் வீ ஸ்கொட் என்ற குட்டிப் பிரஷின் விட்டம் சுமார் 14 மில்லிமீற்றர்தான். அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒரே இருப்பில் மூன்று முறை நுரை பூசி வழிக்கிற ஆளுக்கு அதன் நுரை இடையில் தீர்ந்துவிடும்.

விட்டத்தைவிட மயிரின் உயரத்தைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். கட்டு மெலிந்து மயிர் மட்டும் நெடுத்திருந்தால் தாடையில் அழுத்தும்போது துவண்டு போகும். அடர்ந்து குட்டையாக இருந்தால் முள்ளுப்போலக் குத்தும். கடையில் நின்றபடியே உலர்ந்த பிரஷைப் புறங்கையில் வைத்து மெல்ல அழுத்திச் சுழற்றுங்கள். விரிந்து மீண்டும் எழ வேண்டும், ஆனால் தோலைக் கீறக் கூடாது.

எந்த மயிர்? பாட்ஜர் என்ற விலங்கின் மயிருக்குத்தான் விலையும் மதிப்பும். இந்தச் சூட்டில், இந்தத் தண்ணீரில், அந்தக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. பன்றிமயிர் எனக்குப் பிடிக்கும். இத்தாலியின் ஒமேகாவும் போர்த்துக்கலின் செமோக்கும் அதற்குப் பெயர் பெற்றவை. லண்டனில் இருந்து வரும் மச்சானிடம் சொக்லேற்றுக்குப் பதிலாகக் கேட்கலாம். புதிதில் கரடுமுரடாக இருக்கும், கொஞ்சம் நாற்றமும் உண்டு. பாவிக்கப் பாவிக்க ஒவ்வொரு மயிரின் நுனியும் இரண்டாக, மூன்றாகப் பிளக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பிளவு கண்ணுக்கே தெரியும். அதன் பிறகு நுனி மெத்தென்றும் அடி விறைப்பாகவும் இருக்கும் அந்தச் சேர்க்கை வேறெதிலும் கிடைப்பதில்லை. பாவிக்கும் முன் சில நிமிடம் தண்ணீரில் ஊற வேண்டும் என்பது ஒன்றுதான் கரைச்சல். பன்றி என்ற சொல்லுக்கே வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்றால், அல்லது மார்க்கம் இடம் தராது என்றால், செயற்கை இழைக்குப் போய்விடுங்கள். ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் உலரும், விலையும் தாங்கும். முதல் பிரஷ் வாங்குகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நுரை எழுப்புவதற்குக் குச்சி வடிவில் வரும் சேவிங் சவர்க்காரம்தான் தோது. முகத்தை நனைத்து, அந்தக் குச்சியை மயிர் வளரும் திசைக்கு எதிராகத் தாடையிலும் கன்னத்திலும் தேய்த்துவிடுங்கள். பிரஷை உதறி, ஈரம் மட்டும் உள்ளதாக வைத்து, நாடியில் தொடங்கிச் சுழற்றுங்கள். முதலில் பசைபோல இழுபடும். அப்போது நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுவிட்டு மறுபடி. நுரை மினுங்கத் தொடங்கும் கணம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட்டு மேலும் கீழுமாகப் பூசுங்கள். மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் மேல் உள்ள அந்த ஒடுங்கிய இடத்துக்கு வரும்போதுதான் சிறிய பிரஷின் அருமை தெரியும். பெரியது மூக்குத் துவாரத்துக்குள் அரைவாசி நுரையை அனுப்பிவிடும்.

எங்கள் தலைமுறைக்கு இது புதிதும் அல்ல. 1990களில், போரின்போது யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரத்துக்கே வழியில்லை, பனங்களியால் உடுப்புத் தோய்த்த வீடுகள் உண்டு. அப்பா தேய்ந்துபோன குளியல் சவர்க்காரத் துண்டை இரண்டு விரலுக்கிடையில் பிடித்துத் தாடையில் நான்கு இழுப்பு இழுப்பார். பிறகு அந்தக் கட்டைப் பிரஷால் முகத்திலேயே முழு நுரையையும் எடுத்துவிடுவார். கிண்ணத்தில் ஒட்டி வீணாகப் போக ஒரு பொட்டுக்கூட இருக்காது.

பராமரிப்பு அதிகம் இல்லை. மயிரின் அடியில் வெள்ளைப் பிசுக்குச் சேர்ந்து பிரஷ் தடித்துவிட்டதுபோல் தெரிந்தால், வினாகிரியைத் தண்ணீரில் கலந்து சில நிமிடம் வைத்துவிட்டு நன்றாக அலசுங்கள். தொங்கவிடுவதா நிமிர்த்தி வைப்பதா என்ற சண்டையில் இறங்க வேண்டாம். உதறிக் காற்றுப்படும் இடத்தில் வைத்தால் சரி. ஈரத்தோடு பெட்டிக்குள் மூடினால் கார்த்திகை மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பன்றிமயிர் வைத்திருந்து தினமும் வழிக்கிறவர் என்றால், அந்த மாதங்களுக்காக மட்டும் இன்னொரு மலிவான செயற்கை இழைப் பிரஷை வாங்கி மாற்றி மாற்றிப் பாவியுங்கள்.