திரும்பவும் வாட்டுக்கு ஏத்தணுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கம்மா ஹட்டன் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்க. மறதி நோய் வந்து பல வருஷம். இப்ப என்னையே யாருன்னு தெரியல, பேச்சு நின்னுருச்சு, படுத்த படுக்கைதான். கொஞ்ச நாளா காய்ச்சல், சளின்னு அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஏத்துறாங்க, டிக்கட் வெட்டி அனுப்பும்போது முந்தி இருந்தத விட மோசமாத்தான் வராங்க, கடைசியா முதுகுல புண்ணோட வந்தாங்க. இனி கொண்டு போக வேணாம்னு எனக்கு தோணுது. அண்ணன் "பெத்த தாய சாக விடுறியா"ன்னு கேக்குறாரு. நான் நெனைக்கிறது பாவமா?
– ஒரு மகள், கொழும்பு

பதில்: பாவம் இல்ல தங்கச்சி. அம்மா படுற பாட்ட கிட்ட இருந்து பாத்த புள்ளைக்குத்தான் இந்த கேள்வி வரும். அண்ணன் கேக்குறதும் பாசத்துலதான், அதனால ரெண்டு பேரும் சண்டை புடிக்காம ஒரு விஷயத்த சேர்ந்து தெரிஞ்சிக்கங்க. மறதி நோய் ஞாபகத்த எடுக்குறதோட நிக்காது, மூளை கொஞ்சம் கொஞ்சமா கெட்டு கடைசியில நடக்குறது, முழுங்குறது, சளிய இருமி வெளிய தள்ளுறது எல்லாத்தையும் எடுத்துரும், அந்த நிலைக்கு வந்தா அது உயிர எடுக்குற வியாதிதான். கேன்சர்னா குடும்பமே ஒக்காந்து பேசுது, இதுக்கு மட்டும் "வயசு போச்சு, அதான் மறதி"ன்னு விட்டுர்றோம், டொக்டர்மாரும் பல பேர் வாய தொறந்து சொல்றதில்ல. அதுல எனக்கு ரொம்ப கோவம்.

அமெரிக்காவுல பொஸ்டன் பக்கத்து முதியோர் இல்லங்கள்ல உங்கம்மா மாதிரி நோய் முத்துன 323 பேர ஒன்றரை வருஷம் கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2009ல வந்துச்சு. அதுக்குள்ள பாதிக்கு மேல, 55 சதவீதம் பேர், இறந்துட்டாங்க. நூத்துக்கு 86 பேருக்கு சாப்பிடுறதுல கஷ்டம், 53 பேருக்கு காய்ச்சல், 41 பேருக்கு நிமோனியா, அந்த நிமோனியா வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் ஆறு மாசத்துக்குள்ள போயிட்டாங்க. உங்கம்மாவுக்கு வர்ற காய்ச்சலும் சளியும் இந்த நோயோட கடைசி கட்டத்துல வர்றதுதான்னு இத வச்சு அண்ணனுக்கு வெளங்கப்படுத்துங்க. அதே ஆய்வுல இன்னொண்ணும் தெரிய வந்துச்சு, நோய் எங்க போய் முடியும்னு வெளங்கிக்கிட்ட குடும்பங்கள்ல கடைசி மூணு மாசத்துல ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுறதும் சாப்பாட்டுக்கு டியூப் போடுறதும் ரொம்ப கொறைவு.

இப்ப வாட்ல என்ன நடக்குதுன்னு யோசிச்சு பாருங்க. பனி நேரத்துல அந்த வளைவு ரோட்டுல படுக்க வச்சு கொண்டு போறாங்க, கிட்ட உள்ள சின்ன ஆஸ்பத்திரியில பாத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு டிரான்ஸ்பர் போடுறாங்க, அங்க புது மொகம், புது வெளிச்சம், ராத்திரியெல்லாம் சத்தம், சேலைன் ஊசிய புடுங்கிருவாங்கன்னு கையக் கட்டுறதும் உண்டு. மறதி நோய் உள்ளவங்களுக்கு இந்த மாதிரி எடம் மாறுனாலே திடீர்னு கொழப்பம் கூடிரும், அந்த கொழப்பம் தெளியாமலே போயிர்றதும் உண்டு. நல்லா இருந்த காலத்துல கொஞ்சம் சிங்களம் பேசுனவங்களுக்கு கூட இப்ப அது மறந்துருக்கும், நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்துல அன்பாத்தான் கேப்பாங்க, ஆனா அம்மாவுக்கு அது வெறும் சத்தம். ஒரு வாட்டுக்கு ரெண்டு மூணு மிஸ்ஸிமார் இருந்தா யாருக்கு பக்கத்துல ஒக்காந்து ஒவ்வொரு கரண்டியா ஊட்ட ஏலும், யாருக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பெரட்டி விட ஏலும்? முதுகுப் புண் அங்கருந்துதான் வருது, அவங்கள கொறை சொல்லி வேலை இல்ல.

அண்ணன் கேக்கப் போற ஒரு கேள்விக்கும் பதில் வச்சிருங்க. மருந்து குடுத்தா கொஞ்ச நாள் கூட இருப்பாங்க தானே? ஆமா, நிமோனியாவுக்கு என்டிபயோட்டிக் குடுத்தவங்க கூட நாள் இருந்தாங்கதான், அதுவும் மேல சொன்ன அந்த இல்லங்கள்ல பாத்ததுதான், ஆனா அவங்களோட வேதனை கொறையல. அப்ப உங்க குடும்பம் முடிவெடுக்க வேண்டியது, அம்மாவுக்கு இப்ப கூட நாள் வேணுமா, நோவு இல்லாத நாள் வேணுமா. ரெண்டையும் நல்ல புள்ளைங்க தேர்ந்தெடுத்துருக்காங்க. நடுவுலயும் ஒரு வழி இருக்கு, வாயால குடுக்குற என்டிபயோட்டிக்க இல்லத்துலயே குடுத்து பாக்கலாம், முழுங்க ஏலாத கட்டம் வந்தா அதையும் நிறுத்திட்டு நோவுக்கு மட்டும் பாக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கே போகக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சா, மூத்திரம் அடைச்சு வயிறு வீங்குனா, ரத்தம் நிக்காம போனா, இல்லத்துல குடுக்குற மருந்துக்கு அடங்காத நோவு வந்தா கொண்டுதான் போகணும். அங்க போயும் "நோவ நிப்பாட்டுங்க, அது போதும்"னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

முக்கியமானது ஒண்ணு. இத ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல முடிவெடுக்க வேணாம். அந்த நேரம் இல்லத்துல தனியா டியூட்டியில நிக்கிற புள்ளை பயந்து 1990 நம்பருக்கு கோல் எடுக்கும், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தா ஆஸ்பத்திரிக்கு ஏத்துறதுதான் அவங்க வேலை. அதனால ஒரு பகல் நேரம் நீங்களும் அண்ணனும் இல்லத்துக்கு பொறுப்பானவங்களும் அம்மாவ வழமையா பாக்குற டொக்டரும் ஒக்காந்து பேசுங்க. "இங்க செய்ய ஏலாத என்னத்த அங்க செய்வாங்க, அது அம்மாவுக்கு சுகத்த குடுக்குமா?"ன்னு டொக்டர்கிட்ட நேராவே கேளுங்க. முடிவ கிளினிக் கொப்பியில டொக்டர் கையால எழுதி வாங்குங்க, மனசு மாறுனா மாத்தி எழுதலாம், அதுல ஒரு வெக்கமும் இல்ல.

கேள்வி: மாமி சாப்பிட மாட்டேங்குறாங்க, வாயில வச்சத அப்படியே வச்சிருக்காங்க. மூக்கு வழியா டியூப் போட சொல்றாங்க. போடாட்டி பட்டினி போட்ட மாதிரி ஆகாதா?
– மருமகன், பண்டாரவளை

பதில்: ஆகாது தம்பி. மறதி நோய் முத்துன பொறகு டியூப் போட்டா ஆயுசு கூடும், நிமோனியா வராம தடுக்கும்னு காட்ட ஒரு நல்ல ஆதாரமும் இல்ல, அமெரிக்காவுல முதியோர் வைத்தியர்களோட சங்கமே டியூப்புக்கு பதிலா கையால பொறுமையா ஊட்டச் சொல்லுது. டியூப்ப புடுங்குவாங்க, கையக் கட்டுவாங்க, வயித்துல உள்ளது மேல வந்து நெஞ்சுக்குள்ள போறதும் நிக்காது. மாமிய நல்லா நிமித்தி ஒக்கார வச்சு, கஞ்சியோ மசிச்ச கெழங்கோ அவங்க ஆசைப்பட்ட இனிப்போ சின்னக் கரண்டியால குடுங்க, முழுங்குனாங்களான்னு பாத்துட்டு அடுத்தது. தேத்தண்ணி மாதிரி தண்ணியா உள்ளதுதான் சீக்கிரம் புரையேறும், கொஞ்சம் கெட்டியா குடுங்க. சாப்பிட்ட பொறகு அரை மணித்தியாலம் படுக்க வைக்காதீங்க. பல்லு வலி, வாய்ப்புண், மலச்சிக்கல் இருந்தாலும் வாய மூடிக்கிருவாங்க, அத மொதல்ல பாக்க சொல்லுங்க. இதெல்லாம் பாத்தும் நாலு கரண்டிதான்னா நாலு கரண்டி போதும், பட்டினியால மாமி சாகல, சாகுற நேரம் வந்ததால ஒடம்பு சாப்பாட்ட கேக்குறத நிப்பாட்டிருச்சு.

கேள்வி: நான் நானுஓயா பக்கம் ஒரு இல்லத்துல வேலை செய்றேன். குடும்பம் இங்கயே வச்சிருக்க சொல்லுது. கடைசி நாள்ல நாங்க என்ன செய்யணும், பொறகு பொலிஸ் பிரச்சினை வருமா?

பதில்: வாய ஈரப் பஞ்சால தொடச்சு விடுங்க, ஒதட்டுக்கு வெஸ்லின் பூசுங்க, பெரட்டி விடுங்க, குளிருக்கு காலுக்கு மேஸ் போடுங்க. காய்ச்சலுக்கும் நோவுக்கும் முழுங்க ஏலாதவங்களுக்கு ஆசனவாயில வைக்கிற பெரசிட்டமோல் இருக்கு. மூச்சு முட்டுனா கொஞ்சமா மோர்பின் குடுத்தா லேசாகும், அத டொக்டர்தான் எழுதணும், அதனால முன்கூட்டியே கேட்டு வைங்க. மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில கரகரன்னு சத்தம் வரும், கால் ஜில்லுன்னு ஆகும். அந்த சத்தம் நமக்குத்தான் பயம், அவங்களுக்கு அநேகமா தெரியாது, ஒரு பக்கமா சாய்ச்சு படுக்க வச்சா கொறையும்.

டொக்டர் பாத்துக்கிட்டு இருந்த நோயாளி இயற்கையா இறந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. கிராம சேவகருக்கு அறிவிங்க, தோட்டத்துக்குள்ள இருந்தா தோட்ட தொரைக்கு அறிவிங்க, அவங்க குடுக்குற அறிக்கையோட பதிவாளர்கிட்ட போகணும். விழுந்தோ வேற காயத்தாலயோ, திடீர்னோ, காரணம் தெரியாமலோ இறந்தா மரண விசாரணை அதிகாரி வரை போக வேண்டி வரும். அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் ஒரே எடத்துல வச்சிருங்க, ராத்திரி டியூட்டி புள்ளைக்கும் அந்த எடம் தெரிஞ்சிருக்கணும்.