மூட்டு மாற்று அறுவைக்குப் பின் அமெரிக்கப் பயணம்: முதல் வகுப்புக்குப் பதினாறரை லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மார்த்தாண்டம் பக்கம் வீடு. எனக்குப் பென்ஷன் உண்டு. கணவருக்கு 71 வயது. கடை நடத்தியவர், அவருக்குப் பென்ஷன் கிடையாது. கடையை விற்ற பணத்தில் 30 லட்சத்தை ஒன்றரை வருடம் முன்பு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரே கணக்காகப் போட்டோம். அவருடைய கைச்செலவும் மருந்துச் செலவும் அந்த வட்டியில்தான் நடக்கிறது. மகள் நியூ ஜெர்சியில் நர்ஸ். டிசம்பரில் போய் நான்கு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம். ஜூலையில் கணவருக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாக நியூயார்க் போய் வர, நாகர்கோவில் ஏஜென்ட் ஆளுக்குச் சொன்ன கட்டணம்: எகானமி 1,35,000, பிசினஸ் 4,40,000, முதல் வகுப்பு 9,60,000. "ஆயுசில ஒரு தடவைதானே, முதல் வகுப்பிலேயே போவோம்" என்கிறார் கணவர். கூடுதல் பணத்தில் பாதியைத் தருவதாக மகள் சொல்கிறாள். மீதிக்கு அஞ்சலகப் பணத்தை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். அந்த அஞ்சலகக் கணக்கைத் தொடாதீர்கள். ஆனால் சார் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புது மூட்டோடு பதினான்கு மணி நேரம் எகானமி இருக்கையில் மடங்கி உட்காருவது சிரமம்தான். அந்தச் சிரமத்துக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும், எந்த இடத்தில் செலவழிக்க வேண்டும் என்று பார்த்தால், ஏஜென்ட் சொன்ன தொகையில் சிறு பங்கிலேயே காரியம் முடியும்.

முதலில் கணக்கு. திருவனந்தபுரம்–துபாய் ஏறக்குறைய நாலேகால் மணி நேரம். துபாய்–நியூயார்க் போகும்போது பதினான்கு, திரும்பும்போது பன்னிரண்டரை, பதின்மூன்று. போக வர வானத்தில் இருக்கும் நேரம் மொத்தம் 35 மணி என்று வையுங்கள். எகானமியில் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு சுமார் 3,900 ரூபாய் ஆகிறது. பிசினஸுக்கு அதற்கு மேல் மணிக்கு 8,700. முதல் வகுப்புக்கு அதற்கும் மேல் இன்னொரு 14,900. கடைசியாகச் சொன்ன இந்தத் தொகைக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எகானமியிலிருந்து பிசினஸுக்கு மாறினால் உட்காரும் இருக்கை, படுக்கும் கட்டிலாகிறது. பிசினஸிலிருந்து முதல் வகுப்புக்கு மாறினால் அதே கட்டிலைச் சுற்றிக் கதவு வருகிறது. சாப்பாடும் கவனிப்பும் கூடுகின்றன. துபாய் வழியாகப் பறக்கும் எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம் என்றால் குளியலறையும் உண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடத் தண்ணீர். முழங்காலுக்கு வேண்டியது கால் நீட்டிப் படுக்க ஓர் இடம். அது பிசினஸிலேயே கிடைத்துவிடுகிறது.

பெட்டி விஷயத்திலும் அப்படித்தான். அமெரிக்கப் பயணத்துக்கு எமிரேட்ஸ் எகானமியில் பொதுவாக 23 கிலோவில் இரண்டு பெட்டி. மிகக் குறைந்த கட்டண வகையில் ஒன்றாகக் குறையலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பிசினஸில் 32 கிலோவில் இரண்டு, முதல் வகுப்பிலும் அதே இரண்டுதான். நல்லமிளகும் நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் கட்டிக்கொண்டு போக முதல் வகுப்பு எடுப்பதால் ஒரு கிலோகூடக் கூடாது.

இப்போது அஞ்சலகப் பணம். முதல் வகுப்புக்கும் எகானமிக்கும் இரண்டு பேருக்குமான வித்தியாசம் 16,50,000. மகள் பாதி தந்தாலும் உங்கள் பங்கு 8,25,000. மூத்த குடிமக்கள் திட்டக் கணக்கில் வேண்டிய அளவு மட்டும் எடுக்க வழி கிடையாது, கணக்கையே மூட வேண்டும். போட்டு ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். 30 லட்சத்துக்கு 45,000 ரூபாய் அங்கேயே போய்விடும். மீதியைத் திரும்பப் போடலாம், ஆனால் அது அன்றைய வட்டி வீதத்தில் தொடங்கும் புதுக் கணக்கு. இப்போதுள்ள 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 வருகிறது. 8,25,000 குறைந்தால் காலாண்டுக்குச் சுமார் 16,900 குறையும், மாதத்துக்கு 5,600 ரூபாய்க்கு மேல். உங்கள் பென்ஷன் உங்கள் பெயரில் வருகிறது. சாருக்கு இதை விட்டால் வேறு வரும்படி இல்லை. அவருடைய மருந்துப் பணத்தை எடுத்து அவருக்கே டிக்கெட் வாங்குவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி தவிர்த்த எல்லா வகுப்புக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. எகானமிக்குப் பழைய 5 சதவீதமே. பிரீமியம் எகானமி என்ற நடுத்தர வகுப்பும் 18 சதவீதப் பக்கம்தான் சேர்கிறது. அடிப்படைக் கட்டணம் 3,60,000 உள்ள பிசினஸ் டிக்கெட்டில் வரி மட்டும் 64,800. ஏஜென்ட் வாயால் சொன்ன விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். "வரி தனி" என்று பிறகு சொன்னால் இரண்டு பேருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எகிறும்.

நான் சொல்லும் வழி இது: போகும்போது மட்டும், அதிலும் துபாய்–நியூயார்க் தூரத்துக்கு மட்டும் பிசினஸ். மற்றதெல்லாம் எகானமி. காரணம் உண்டு. டிசம்பரில் அறுவை முடிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும், அந்தப் பயணமே நீளமானதும்கூட. திரும்பி வரும்போது ஒன்பது மாதம் தாண்டிவிடும், மணிக்கணக்கும் குறைவு. துபாய் வரையிலான நாலேகால் மணி நேரத்தில் சாப்பாடு வந்து போவதற்கே பாதி போய்விடும், அதற்குக் கட்டில் தேவையில்லை. போகும் பாதி முழுவதும் பிசினஸ் எடுத்தாலே கூடுதல் செலவு இரண்டு பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 3 லட்சம். நீண்ட தூரத்துக்கு மட்டும் கிடைத்தால் அதிலும் குறையும். முதல் வகுப்புக்காக மகள் தருவதாகச் சொன்ன பணத்திலேயே முடிந்துவிடும், அஞ்சலகத்துக்குப் போகவே வேண்டாம்.

இப்படிக் கலந்து எடுப்பதில் சில சிக்கல்கள் உண்டு. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் போகும்போது ஒரு வகுப்பு, வரும்போது ஒரு வகுப்பு என்று எடுப்பது எளிது. ஒரே திசையில் முதல் விமானம் எகானமி, அடுத்தது பிசினஸ் என்பதற்குப் பல நேரம் அங்கே வழி இருக்காது, ஏஜென்ட்டையோ நிறுவன அலுவலகத்தையோ கேட்டுத்தான் விலை வாங்க வேண்டும். எப்படி எடுத்தாலும் முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று துபாய் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து வேறொன்று என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். பெட்டியும் நேரே நியூயார்க் போகாமல் துபாயில் நிற்கும்.

பணம் கட்டும் முன் எந்த விமானம் என்று கேளுங்கள். பெயர் பிசினஸ் என்றாலும் எல்லா விமானத்திலும் ஒரே இருக்கை அல்ல. எமிரேட்ஸின் புதுப்பிக்காத போயிங் 777-இல் பிசினஸ் இருக்கைகள் 2-3-2 என்று இருக்கும், அதாவது ஒரு வரிசையில் இரண்டு, நடைபாதை, மூன்று, நடைபாதை, இரண்டு. நடுவில் உள்ளவர் எழுந்து போக, படுத்திருப்பவரின் காலைத் தாண்ட வேண்டும். ஏ380-இன் மேல்தளத்தில் 1-2-1, யாரும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. முதல் வகுப்பு எடுப்பவர்களும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். பயணத்தின் ஒரு பகுதியில் முதல் வகுப்பே இல்லாத விமானம் வந்தால் அங்கே பிசினஸில் உட்கார வைப்பார்கள். டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் நேரே எந்த வகுப்பு என்று அச்சாகியிருக்கும், அதை வரி வரியாகப் படியுங்கள்.

பணம் கட்டிய வகுப்பைக் கடைசி நேரத்தில் கீழே இறக்கினால் சும்மா விட வேண்டாம். 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் உள்ள, இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, சர்வதேச விமானத்தில் தூரம் 1,500 கிலோமீட்டருக்குள் என்றால் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் திரும்பத் தர வேண்டும். திருவனந்தபுரம்–துபாய் நடு வகையில் வரும். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதியையும் காட்டக்கூடும். எதுவானாலும் இறக்கியதற்கான காரணத்தை கவுண்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எகானமிப் பகுதிக்கு வருவோம். பெரிய விமானங்களில் இருக்கைகள் பெரும்பாலும் 3-4-3. முன்னோக்கி உட்கார்ந்தால் சி, ஜி எழுத்து இருக்கைகளுக்கு நடைபாதை வலப் பக்கம் வரும், டி, எச்-க்கு இடப் பக்கம். சாருக்கு வலது கால் என்பதால் சி அல்லது ஜி. அப்போதுதான் அந்தக் காலைப் பாதைப் பக்கமாக நீட்டி மடக்க முடியும். தள்ளுவண்டி வரும்போது உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு சி, அதே வரிசையில் உங்களுக்கு டி என்று எடுத்தால் இருவருமே பாதையோரம், நடுவில் ஒரு பாதைதான். இருக்கைத் தேர்வுக்குக் கட்டணம் கேட்டால் கொடுங்கள், அது வீண் செலவல்ல. அவசர வழிப் பக்கத்து இருக்கையில் கால் நீட்ட இடம் உண்டு என்று ஏஜென்ட் ஆசை காட்டலாம். நடமாட்டச் சிரமம் உள்ளவரை அங்கே உட்கார விட மாட்டார்கள், கட்டிய பணத்துக்குத்தான் அலைச்சல்.

சக்கர நாற்காலி இலவசம். டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது. பதிவில் போடும் குறியீடு, படி ஏற முடியாதவர் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ்., தூரம் நடக்க மட்டும் முடியாதவர் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். குறியீட்டைத் தவறாகப் போட்டால், பேருந்தில் கொண்டுபோய் இறக்கிப் படியேறச் சொல்லும்போது திண்டாட வேண்டிவரும். முதல் வகுப்புக்காரருக்குக் கிடைக்கும் பெரிய வசதிகளில் ஒன்று வரிசையில் நிற்காமல் போவது. சக்கர நாற்காலிப் பதிவு அதில் பெரும் பங்கைக் காசில்லாமலே தந்துவிடும். செயற்கை மூட்டு பாதுகாப்புச் சோதனையில் ஒலி எழுப்பும், ஆகவே டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொரு பாதையையும் ஏஜென்ட்டிடம் விலை கேளுங்கள்: திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபி வழியாக எத்திஹாட் விமானம். அபுதாபியிலேயே அமெரிக்கக் குடியேற்றச் சோதனை முடிந்துவிடும். நியூயார்க்கில் இறங்கியதும் அந்த நீண்ட வரிசை இல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். நீண்ட பயணத்துக்குப் பிறகு நிற்க முடியாதவருக்கு இது பெரிய நிம்மதி.

பிசினஸ் எடுத்தால் காலில் ரத்தம் உறையாது என்று நம்பிவிட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் எந்தப் பயணத்திலும் அந்த ஆபத்து கூடும், படுத்திருந்தாலும்தான். அறுவை செய்த டாக்டரைப் பார்த்து, பயணம் போகலாமா, அழுத்தக் காலுறை வேண்டுமா, மருந்து வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விமானத்தில் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது மருத்துவக் காப்பீடு, இதில் கஞ்சத்தனம் கூடாது. அமெரிக்காவில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாலே பிசினஸ் டிக்கெட் விலையைத் தாண்டிவிடக்கூடும். ஏஜென்ட் டிக்கெட்டோடு சேர்த்துத் தரும் மலிவுப் பாலிசிகள் பல, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராது. தந்தாலும் உயிராபத்து நேரத்துக்கு மட்டும், சிறு வரம்போடு. சாருக்கு 70 தாண்டிவிட்டதால் வயது வரம்பும் குறுக்கே வரும். முழங்கால் அறுவை, பிரஷர், சர்க்கரை என்று எது இருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இங்குள்ள பாலிசியையும், அமெரிக்காவில் வருகையாளருக்கு விற்கும் பாலிசியையும் மகளிடம் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். நர்ஸ் என்பதால் எந்த ஆஸ்பத்திரி எந்தக் காப்பீட்டை ஏற்கும் என்று அவளால் விசாரிக்க முடியும்.

ஒரே ஒரு நிலையில் சாரின் ஆசைக்குச் சரி என்பேன். மகளின் அமெரிக்க கிரெடிட் கார்டில் புள்ளிகள் நிறையச் சேர்ந்திருந்து, அவற்றை விமான மைல்களாக மாற்றி ஒரு வழி முதல் வகுப்பு கிடைக்குமானால், தாராளமாகப் போங்கள். அப்போது கையிலிருந்து போவது வரியும் கூடுதல் கட்டணமும் மட்டுமே. கிறிஸ்துமஸ் நேரத்தில் அப்படி இடம் கிடைப்பது கடினம், ஆகவே மகளை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டு தவணையிலோ தனிநபர் கடனிலோ மட்டும் எடுக்க வேண்டாம்.

தேதியையும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். டிசம்பர் மூன்றாம் வாரம் எகானமி விலை மிக அதிகமாக ஏறும், பிசினஸ் பொதுவாக அந்த அளவுக்கு ஏறாது. அதனால் விலையைப் பார்க்காமல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் ஒன்றும் பண்டிகை வாரத்தில் ஒன்றுமாக இரண்டு தேதிக்கு, ஒரே பி.என்.ஆரில், நீண்ட தூரம் மட்டும் பிசினஸ், வரி உட்பட, தேதி மாற்றக் கட்டணத்தோடு எழுத்தில் விலை கேளுங்கள். ஏஜென்ட் தருவதை விமான நிறுவனத்தின் இணையதள விலையோடு ஒப்பிட்டுவிட்டு, பிறகு பணம் கட்டுங்கள்.